ஆயுள சொல்ற டெஸ்ட்டுன்னு போட்டுட்டீங்களே சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்துல ஈரல் கேன்சர் வந்தவர் எத்தனை வருஷம் இருப்பார்னு ஜீனே சொல்லிடும்னு முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நான் 26 வருஷமா பேத்தாலஜி லேப்ல டெக்னீஷியன், டாக்டர் இல்ல, அத மொதல்லயே சொல்லிடுறேன். திங்கக்கிழமை காலைல கவுண்டர்ல ஒரு பையன் வந்து நின்னான், 22, 23 வயசு இருக்கும், யாரோ உங்க கட்டுரைய போட்டோ புடிச்சு வாட்ஸப்ல அனுப்பியிருக்காங்க, அத காட்டி அண்ணே இந்த டெஸ்ட் இங்க எடுப்பீங்களா எவ்வளவு ஆகும்னு கேக்குறான். அப்பாவுக்கு ஈரல்ல கட்டி எடுத்து 3 மாசம் ஆச்சாம். எத்தனை நாள் இருப்பார்னு தெரிஞ்சா தங்கச்சி கல்யாணத்த முன்கூட்டியே வச்சிடலாமான்னு வீட்ல பேசிக்கிறாங்களாம். கல்யாண தேதி குறிக்கிற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லப்பான்னு சொல்லி அனுப்பினேன், ஆனா அவன் முகத்துல நம்பிக்கையே இல்ல, பேப்பர்ல போட்டிருக்காங்களேண்ணேன்னான். அதான் இந்த லெட்டர்.

கட்டுரை முழுசும் தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா அதுல கட்டி கட்டி கட்டின்னு பத்து எடத்துல வருது, கட்டிக்குப் பக்கத்துல இருக்குற ஈரலப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இந்த ஆராய்ச்சிலயே பெரிய விஷயம் அங்கதான் சார் இருக்கு.

ஜீன் எக்ஸ்பிரஷன்னா என்னன்னு உங்க கட்டுரைல ஒரே வரில தாண்டிட்டாங்க, அதனால நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். ரேஷன் கடை போர்டு பாத்திருப்பீங்க, எல்லா கடைலயும் அரிசி சர்க்கரை பருப்பு பாமாயில் கோதுமைன்னு ஒரே லிஸ்ட்தான், ஆனா இன்னிக்கு எது இருப்பு எது எவ்வளவு போடுறாங்கங்கறது கடைக்கு கடை வேற. உடம்புல எல்லா செல்லுலயும் ஜீன் லிஸ்ட் ஒண்ணுதான், எந்த ஜீன் இப்ப வேலை செய்யுது எவ்வளவு செய்யுதுங்கறதுதான் எக்ஸ்பிரஷன். ஜீன்ல வந்த கோளாறு வேற, ஜீன் கூடுதலா குறைவா வேலை செய்யறது வேற, உங்க கட்டுரைல ரெண்டையும் ஒண்ணாக்கி பரம்பரை நோய் மாதிரி எழுதிட்டாங்க, அதப் படிச்சுட்டு எங்க அத்தை போன் பண்ணி நமக்கெல்லாம் வருமாடான்னு கேட்டது தனிக்கதை.

இந்த மாதிரி மார்க்கர், அதாவது நோய காட்டிக் குடுக்கற அடையாளம், ஒண்ணும் புதுசும் இல்ல. ஏஎஃப்பின்னு ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்களே, ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், அது என்ன? குழந்தை வயித்துல இருக்கும்போது அதோட ஈரல் செய்யற புரோட்டீன், பொறந்தப்புறம் அந்த ஜீன் கிட்டத்தட்ட கடைய சாத்திடும், கேன்சர் வந்தா சில பேருக்கு மறுபடி தொறந்துக்கும். 1963ல மாஸ்கோல ஏபெலெவ் எலிகிட்ட இத கண்டுபிடிச்சார், மறு வருஷமே டட்டாரினோவ் மனுஷங்க ரத்தத்துல பாத்தார். 60 வருஷம் ஆச்சு, இன்னமும் ஈரல் கேன்சர்ல அன்றாடம் நம்ம கைல இருக்குற மார்க்கர் இதான். இதுலயே எவ்வளவு ஓட்டை பாருங்க, கட்டி இருந்தும் ஏஎஃப்பி ஏறாதவங்க நிறைய பேர், ரிப்போர்ட் நார்மல்னு நிம்மதியா வீட்டுக்குப் போனவங்கள நானே பாத்திருக்கேன். ஆனா ரொம்ப ஏறியிருந்தா நோய் வேகமா போறதுன்னு அர்த்தம், அது உண்மைதான், 400க்கு மேல இருக்குறவங்களுக்கு மட்டும் ராமுசிருமாப்னு ஒரு மருந்து வேலை செய்யுதுன்னு 2019ல நிரூபிச்சாங்க. ஒரு மார்க்கர வச்சு ஆள் தேர்ந்தெடுத்து மருந்து குடுக்கறது ஈரல் கேன்சர்ல இது ஒண்ணுதான் உருப்படியா வந்திருக்கு.

அதுக்கப்புறம் மைக்ரோஅர்ரேன்னு வந்துச்சு, ஒரே சமயத்துல ஆயிரக்கணக்குல ஜீன பாக்கறது. ஜப்பான்ல யமகுச்சில 2003ல 12 ஜீன் வச்சு ஆபரேஷனுக்கு அப்புறம் சீக்கிரம் திரும்ப வருமான்னு சொல்லலாம்னாங்க, லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. பிரான்ஸ்காரங்க 2013ல 5 ஜீன் போதும்னாங்க. நடுவுலயும் அப்புறமும் வந்ததுக்கு கணக்கே இல்ல, இப்பல்லாம் அமெரிக்கால பொதுவுல போட்டு வச்சிருக்குற டேட்டாவ இறக்கி கம்ப்யூட்டர்லயே உக்காந்து மாசத்துக்கு ஒரு புது ஜீன் கண்டுபிடிக்கறாங்க, ஒருத்தர் லிஸ்ட்ல இருக்குறது இன்னொருத்தர் லிஸ்ட்ல அனேகமா இருக்காது. இது எப்படின்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. 2011ல பெல்ஜியத்துக்காரங்க ஒரு வேலை பண்ணாங்க, மார்பக கேன்சர் டேட்டால கண்ண மூடிட்டு குலுக்கிப் போட்டு எடுத்த ஜீன் கூட்டத்த வச்சு பாத்தாங்க, அதுல பெரும்பாலானது ஆயுளோட சம்பந்தப்பட்ட மாதிரியே காட்டுச்சு! ஏன்னா செல் வேகமா பெருகும்போது ஆயிரம் ஜீன் சேந்து ஆடும், தேர் நகந்தா வடம் புடிச்ச அத்தனை பேரும் நகருவாங்கல்ல, அதுல எவனோ ஒருத்தன காட்டி இவன்தான் இழுக்கறான்னு சொன்னா எப்படி. உங்க கட்டுரைல போட்டிருக்குற அந்த ஜீனும் இப்படி வடம் புடிச்ச ஆளா இருக்கலாம், வேற ஊர் நோயாளிங்ககிட்ட பாத்தாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு போட்டிருக்கலாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஆபரேஷன் பண்ணி எடுத்த ஈரல் துண்டு பக்கெட்ல, திசு கெடாம இருக்க ஊத்தற ஃபார்மலின்ல எங்ககிட்ட வரும். டாக்டர் அத மேசைல வச்சு பிரெட் மாதிரி சீவுவாங்க, கட்டி தனியா தெரியும், மஞ்சளும் பச்சையுமா, பித்தம் ஊறின எடம் பாசி புடிச்ச மாதிரி இருக்கும். சுத்தி இருக்குற ஈரல் சிரோசிஸ், அதாவது தழும்பாகி இறுகிப் போனதுன்னா கத்தி சரக்குன்னு இறங்காது, தேங்காய் மட்டைய அறுக்கற மாதிரி நரநரன்னு போகும், பரப்பு பூரா பட்டாணிய அழுத்தி வச்ச மாதிரி முண்டு முண்டா இருக்கும். கட்டிலருந்து அஞ்சாறு துண்டு, ஓரத்துலருந்து ரெண்டு துண்டு, கடைசியா கட்டி இல்லாத ஈரல்லருந்து ஒரே ஒரு துண்டு எடுத்து கேசட்னு சொல்ற சின்ன பிளாஸ்டிக் டப்பால போடுவாங்க. அந்த கடைசி கேசட் பேருக்குப் போடறதுன்னுதான் நான் 10 வருஷம் நெனச்சுட்டு இருந்தேன். மெழுகுல ஊத்தி பிளாக் ஆக்கி ஐஸ் தட்டுல குளிர வச்சு மைக்ரோடோம்ங்கற சீவற மெஷின்ல 4 மைக்ரான் சீவினா ரிப்பன் மாதிரி வரும், பிரஷ்ல தூக்கி வெந்நித் தொட்டில மெதக்க விட்டு ஸ்லைடுல புடிக்கணும், கட்டி பிளாக்குன்னா கவனமா புடிப்பேன், பக்கத்து ஈரல் பிளாக் கொஞ்சம் சுருக்கம் விழுந்தாலும் விட்டுடுவேன். யார் பாக்கப் போறான்னு ஒரு நெனப்பு.

2008ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல ஹோஷிடான்னு ஒருத்தர் முதல் பேரா போட்டு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எங்க டாக்டரம்மா ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாங்க. அதுவரைக்கும் இந்த மாதிரி வேலைக்கு ஃப்ரெஷ்ஷா எடுத்து உறைய வச்ச திசுதான் வேணும்னு எல்லாரும் நெனச்சுட்டு இருந்தாங்க, ஏன்னா ஃபார்மலின்ல போட்டா ஆர்என்ஏ துண்டு துண்டா உடைஞ்சிடும், ஜீன் வேலை செஞ்ச சீட்டே அதுதானே. இவங்க அந்த துண்ட வச்சே படிக்கற ஒரு வழிய புடிச்சு மெழுகு பிளாக்குலருந்தே எடுத்தாங்க, 24 வருஷத்துக்கு மேல பீரோல கெடந்த பிளாக் கூட படிக்க வந்துச்சுன்னு போட்டிருந்தாங்க. மொத்தம் 307 நோயாளிங்க. கட்டில இருக்குற ஜீன பாத்தாங்க, ஆயுளோட ஒட்டவே இல்ல. கட்டி இல்லாத பக்கத்து ஈரல பாத்தாங்க, ஒட்டுச்சு, 186 ஜீன். எனக்கு கை ஒரு நிமிஷம் நின்னு போச்சு சார், நான் சுருக்கமா புடிச்சுட்டு இருந்த அந்த கடைசி கேசட்!

காரணத்த யோசிச்சா நியாயமாதான் இருக்கு. ஈரல் கேன்சர் பெரும்பாலும் நல்ல ஈரல்ல வராது, ஹெபடைடிஸ் பியோ சியோ குடியோ கொழுப்போ 20 வருஷம் 30 வருஷம் அரிச்சு தழும்பாக்கி வச்ச ஈரல்லதான் வரும். கட்டிய வெட்டி எடுத்துடலாம், மிச்சம் இருக்குற அதே நெலத்த என்ன பண்றது. ஆபரேஷன் பண்ணினவங்கள்ல 5 வருஷத்துல 70 சதவீதம் பேர் வரைக்கும் திரும்ப வருது, அதுல ரெண்டு வகை. மொத 2 வருஷத்துல வர்றது அனேகமா பழைய கட்டிலருந்து சிதறினது, அதுக்கு கட்டியோட குணம்தான் காரணம், ரத்தக்குழாய்க்குள்ள பூந்திருக்கான்னு நாங்க ஸ்லைடுல பாக்கறது அதுக்குத்தான். 2 வருஷம் தாண்டி வர்றது பல சமயம் புது கட்டி, அதே கெட்டுப்போன ஈரல்ல தனியா முளைக்கறது. அந்த 186ல கெடுதல் பக்கம் நின்ன ஜீனெல்லாம் வீக்கம், அழற்சி சம்பந்தப்பட்டது, நல்ல பக்கம் நின்னது ஈரல் தன்னோட வழக்கமான வேலைய செய்யற ஜீன்.

இந்த ஆராய்ச்சிய நான் ஏன் நம்பறேன்னா, ஜப்பான்ல 82 பேர்கிட்ட கண்டுபிடிச்சத அமெரிக்கா ஐரோப்பால வேற 225 பேர்கிட்ட வச்சு பாத்தாங்க. 2013ல இத்தாலில இன்னும் கேன்சரே வராத, ஹெபடைடிஸ் சினால ஆரம்ப சிரோசிஸ்ல இருந்த 216 பேரோட பயாப்ஸில பாத்தாங்க, அங்கயும் ஒத்து வந்துச்சு. ஒரு எடத்துல வர்ற ரிசல்ட் இன்னொரு எடத்துல வரலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம ஊர் கதையே இருக்கு. 1988ல சென்னைலருந்து கீழாநெல்லி குடுத்ததுல ஹெபடைடிஸ் பி வைரஸ் 59 சதவீதம் பேருக்கு போயிடுச்சு, சும்மா மாத்திரை குடுத்தவங்கள்ல 4 சதவீதம்தான்னு லான்செட்ல வந்துச்சு, அந்த வைரஸ கண்டுபிடிச்சு நோபல் வாங்கின புளும்பெர்க்கும் அதுல ஒரு ஆள். தாய்லாந்துல செஞ்சு பாத்தாங்க, வரல. ஆனா அந்த ரெண்டாவது சேதி நம்ம பக்கம் வந்து சேரவே இல்ல, எங்க சித்தப்பா கடைசி வரைக்கும் அந்த சாறு குடிச்சுட்டுதான் இருந்தார்.

சித்தப்பா விஷயத்த சொல்லணும், அதனாலதான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். 2014ல அவருக்கு ஈரல்ல வலது பக்கம் 4 சென்டிமீட்டர் கட்டி, ஆபரேஷன் நல்லா முடிஞ்சது, ஓரம் சுத்தம், அதாவது வெட்டின எடத்துல கேன்சர் இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு. பாதி பேர் கேன்சரே போயிடுச்சுன்னு கோயிலுக்கு கெடா வெட்டிட்டாங்க. மொத 2 வருஷம் ஒழுங்கா ஸ்கேன் எடுத்தார், அப்புறம் 2 வருஷம் தாண்டிட்டா பயமில்லன்னு யாரோ சொன்னத கேட்டு விட்டுட்டார். 2018ல வயிறு வீங்கி போனப்ப இடது பக்கம் மூணு கட்டி. சித்தி, என் தம்பிங்க எல்லாரும் அந்த சர்ஜன திட்டினாங்க, மிச்சம் வச்சுட்டான் மிச்சம் வச்சுட்டான்னு. நான் ஸ்லைடு பாத்தவன், ஓரத்துல ஒண்ணும் இல்ல, எத்தனை சொல்லியும் நம்பல. அது பழைய கட்டியோட சிதறலா புதுசான்னு ஜீன் வச்சு யாரும் பாக்கல, ஆனா 4 வருஷம் கழிச்சு வேற பக்கத்துல வந்தா புதுசா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு டாக்டரம்மா சொன்னாங்க. கட்டிய எடுத்தாச்சு, ஈரல் அதேதான், அதனால 6 மாசத்துக்கு ஒருவாட்டி ஸ்கேனும் ஏஎஃப்பியும் நிறுத்தவே கூடாதுன்னு அன்னிக்கே யாராவது புரியற மாதிரி சொல்லியிருந்தா ஒரு கட்டியா இருக்கும்போதே புடிச்சிருக்கலாம். உங்க கட்டுரைல கட்டியோட ஜீன் நல்லதா இருந்தா ஆள் தப்பிச்சார்ங்கற மாதிரி இருக்கே, அதப் படிக்கற இன்னொரு சித்தப்பா ஸ்கேன நிறுத்திடுவார் சார்.

அப்ப அந்த 186 ஜீன் டெஸ்ட ஏன் ஆஸ்பத்திரில எடுக்கறதில்லன்னு கேப்பீங்க. மார்பக கேன்சருக்கு 21 ஜீன் டெஸ்ட் இருக்கு, அத பாத்து கீமோ வேணுமா வேண்டாமான்னு முடிவே மாறுது. ஈரல்ல அப்படி மாறல. மொதல்ல திசுவே கைல இருக்காது, சிரோசிஸ் இருக்கறவங்களுக்கு சிடிலயோ எம்ஆர்ஐலயோ ஸ்கேனுக்கு ஊசில ஏத்தற மருந்த கட்டி உறிஞ்சி வெளியேத்தற விதத்த பாத்தே கேன்சர்னு சொல்லிடலாம், ஊசி போட்டு எடுத்தா ரத்தம் கசியும்னு பல பேருக்கு பயாப்ஸியே எடுக்கறதில்ல. அடுத்தது, உங்களுக்கு திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம்னு டெஸ்ட் சொன்னா அப்புறம் என்ன குடுக்கறது? ஆபரேஷனுக்கு அப்புறம் சோராஃபெனிப்னு ஒரு கேன்சர் மருந்து குடுத்து பாத்தாங்க, 2015ல பிரயோஜனம் இல்லன்னு தெரிஞ்சது. 2023ல அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப்னு ரெண்டு மருந்த சேத்து குடுத்ததுல நல்ல சேதி மாதிரி வந்துச்சு, இன்னும் கொஞ்ச நாள் பாத்தப்ப அந்த பலன் நிக்கல. டாக்டருங்க இன்னிக்கும் பாக்கறது கட்டி எத்தனை, எவ்வளவு பெருசு, ரத்தக்குழாய்க்குள்ள போச்சா, ஈரல் எவ்வளவு வேலை செய்யுது, ஆள் எழுந்து நடமாடறாரா, இதுதான், பார்சிலோனா ஸ்டேஜிங்னு சொல்வாங்க, அதுல ஜீனுக்குன்னு ஒரு கட்டம் கெடையாது. அப்படியே டெஸ்ட் எடுத்தாலும் அது சொல்றது இந்த மாதிரி ஈரல் இருக்குற 100 பேர்ல இத்தனை பேருன்னுதான், கவுண்டர்ல நின்ன அந்த பையனோட அப்பா அந்த 100ல எந்த ஆளுன்னு எந்த ஜீனும் சொல்லாது.

இதுல எங்க ஆளுங்க பக்கமும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிடணும்ல. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல பழைய பிளாக்கெல்லாம் மாடில ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்ல அட்டப்பெட்டில கெடக்கும், மே மாச வெயில்ல மெழுகு இளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நம்பரே தெரியாம போயிடும், பெட்டிய கரையான் தின்னுடும், எடம் இல்லன்னு ஒருநாள் மூட்டை மூட்டையா குப்பைக்கு போச்சு, நானே தூக்கி குடுத்தேன். அதுல எங்க சித்தப்பாவோடதும் இருந்திருக்கும். ஆபரேஷன் தியேட்டர்லருந்து ஈரல் துண்ட கீறாம முழுசா பக்கெட்ல போட்டு அனுப்புவாங்க, ஃபார்மலின் மணிக்கு 1 மில்லிமீட்டர் கணக்குலதான் உள்ள போகும், சனிக்கிழமை சாயங்காலம் போட்டது திங்கக்கிழமை வெட்டினா நடுவுல கூழா இருக்கும், அதுலருந்து என்ன மார்க்கர் எடுக்க. ஜீன் டெஸ்ட் வருது வருதுன்னு எழுதறதுக்கு முன்னாடி இந்த பக்கெட்டையும் பீரோவையும் பத்தி ஒரு கட்டுரை போடுங்க, நான் போட்டோவே எடுத்து அனுப்பறேன்.

வீட்ல இருக்குறவங்களுக்கு உண்மைலயே பிரயோஜனமான விஷயம்னா, ரிப்போர்ட்டோட நிறுத்தாம உங்க பிளாக்கும் ஸ்லைடும் எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கங்க, கட்டி இல்லாத ஈரல் எப்படி இருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்கான்னு பாருங்க, எழுதலன்னா கேளுங்க, அதுக்கு காசு கெடையாது. அப்புறம் ஹெபடைடிஸ் பி இருந்து கேன்சர் வந்த வீடுன்னா மனைவி புள்ளைங்க கூடப்பொறந்தவங்க எல்லாரும் ரத்தத்துல அந்த வைரஸ் இருக்கான்னு பாக்கணும், எங்க வீட்ல சித்தப்பாவுக்கு அப்புறம்தான் பாத்தோம், சின்ன தம்பிக்கு இருந்துச்சு, இப்ப தினம் ஒரு மாத்திரை, 6 மாசத்துக்கு ஒரு ஸ்கேன், நல்லா இருக்கான். பொறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள போடற தடுப்பூசி இருக்கே, தைவான்ல 1984லயே வைரஸ் இருக்குற அம்மாக்களோட குழந்தைங்களுக்கு ஆரம்பிச்சு 1986லருந்து எல்லா குழந்தைக்கும் போட்டாங்க, பத்து வருஷத்துல 6லருந்து 14 வயசு புள்ளைங்களுக்கு ஈரல் கேன்சர் வர்றது லட்சத்துக்கு 0.70லருந்து 0.36க்கு எறங்குச்சு. நம்ம நாட்டுல நாடு முழுக்க வர்றதுக்கு 2011 ஆச்சு. அதுக்கு முன்னாடி பொறந்த எங்கள மாதிரி ஆளுங்கதான் அந்த ரத்த டெஸ்ட்ட எடுத்துப் பாக்கணும், உங்க கட்டுரைல இதுக்கு ஒரு பெட்டிச்செய்தி போட எடம் இருந்துச்சு.

அந்த பையன் நாளைக்கு அப்பாவ கூட்டிட்டு வர்றேன்னான், ரத்தம் எடுக்க. கட்டுரைய கிழிச்சுப் போட்டுட்டு வான்னு சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு. அதோட நீங்க போட்டிருந்த பெரிய கலர் படம், 'புற்றுநோய் பாதித்த ஈரல் செல்கள்'னு கீழ எழுதியிருந்தீங்களே, அது ஈரலே இல்ல சார், கிட்னி. உருண்டை உருண்டையா நூல்கண்டு மாதிரி தெரியுதே அது கிட்னில வடிகட்டற எடம், அதுவும் நல்ல கிட்னி, ஒரு நோயும் இல்ல.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
மதுரை.